சாயவேரும் படிகாரமும்: நிறம் நிற்பது எதனால்?

"அவரின்ரை சாயம் வெளுத்துப் போச்சு" என்று எமது ஊர்களில் ஒருவரைப் பற்றிச் சொன்னால், அது அவருடைய வேட்டியைப் பற்றிய பேச்சு அல்ல. பொய் வெளிப்பட்டுவிட்டது என்பதே அதன் பொருள். சந்தையிலே பெட்டி, கடகம், பாய், கைப்பை விற்கும் தாய்மாருக்கோ இந்தப் பேச்சு இரண்டு விதத்திலும் பொருந்திவிடும். நிறம் போன பெட்டியை ஒரு தடவை வாங்கியவர் மறுபடியும் அந்தத் தாயிடம் வரமாட்டார். அவருக்குப் பக்கத்தில் இருக்கும் தாயிடமும் வரத் தயங்குவார்.

இடம்பெயர்ந்து காணியை விட்டுவந்த குடும்பங்களுக்கு ஓலை வேலையும் தையல் வேலையும் கைச்செலவுக்கு உதவும் தொழில்கள். காணிக்குத் திரும்பியவர்களும், பற்றை வெட்டி, கிணறு இறைத்து, முதல் விளைச்சல் கைக்கு வரும்வரை இவற்றையே நம்பியிருக்க வேண்டியுள்ளது. 'இயற்கைச் சாயம்' என்று சொன்னால் வெளியூர் வாங்குநர்கள் கூடுதல் விலை தருவார்கள் என்ற பேச்சும் அடிபடுகிறது. பேச்சில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் கண்ணில் பட்ட பூவையும் காயையும் அவித்து நிறமேற்றினால் விறகும் உழைப்பும் வீணாகும், நல்ல பெயரும் கெட்டுவிடும். எந்தச் செடியின் நிறம் நிற்கும், எது நில்லாது, அதற்குக் காரணம் என்ன என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம். இரசாயனம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதிலுள்ள இரசாயனம் முழுவதும் உங்கள் குசினியில் ஏற்கனவே நடப்பதுதான்.

குசினியிற் செய்யும் சோதனை

செவ்வரத்தம்பூ நாலைந்தை வெந்நீரில் ஊறவையுங்கள். நிறம் இறங்கிய நீரை இரண்டு கோப்பைகளில் ஊற்றி, ஒன்றில் தேசிக்காய்ச் சாறும் மற்றதில் சாம்பல் கரைத்துத் தெளித்த நீரும் விடுங்கள். முதலாவது நல்ல சிவப்பாகும். இரண்டாவது பச்சை பாய்ந்துபோகும். புளிப்பு எல்லாம் அமிலம். சாம்பல் நீர், சுண்ணாம்பு, சவுக்காரம் எல்லாம் காரம். அமிலத்தில் ஒரு நிறமும் காரத்தில் இன்னொரு நிறமும் காட்டும் சாயத்தைத் துணியில் ஏற்றினால் முதற் சலவையிலேயே அது வேறு துணியாகிவிடும். நாவற்பழத்தின் ஊதாவும் இந்த இனமே. பீட்றூட்டின் நிறம் வேறு இனம்; அது கொதியையே தாங்காது. இவற்றை ஐசிங் சீனிக்கு நிறமூட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சளின் கதையை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளை வேட்டியிற் பட்ட கறிக்கு சவுக்காரம் போட்டதும் அது சிவந்து போகிறது. நன்றாக அலசினால் மீண்டும் மஞ்சளாகிறது. இரண்டு நாள் வெய்யிலில் விரித்துவிட்டால் கறையே மறைந்துவிடுகிறது. மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்ற பொருள் காரத்தைக் கண்டால் சிவக்கும், சூரிய ஒளியிற் சிதைந்துபோகும் என்பதைத்தான் உங்கள் வேட்டி காட்டியது. மஞ்சள் எந்த உதவியும் இல்லாமல் துணியிற் பற்றும். அதனால்தான் புதிதாகத் தொடங்குவோர் எல்லோரும் அதில் ஏமாறுகிறார்கள். சடங்குக்கு ஒரு நாள் உடுத்தும் துணிக்கு மஞ்சள் போதும். விற்பனைக்குப் போதாது.

ஆகவே ஒரு சாயம் மூன்று சோதனைகளைக் கடக்கவேண்டும்: தண்ணீர், சவுக்காரம், வெய்யில். மூன்றையும் கடக்கும் சாயங்கள் எமது மண்ணில் சிலவே உண்டு. அவற்றில் முதன்மையானது எமது கரையோர மணலில் காலடியிலே கிடப்பது.

கரையோரத்துச் செல்வம்

சாயவேர் என்றும் இம்பூறல் என்றும் பெயருள்ள சிறு பூண்டு மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும், கடலுக்கு அப்பால் சோழமண்டலக் கரையிலும் மணற்பாங்கான நிலத்திற் படர்வது. ஒடுங்கிய இலை, சிறிய வெள்ளைப் பூ, மெல்லிய நீண்ட வேர். நாட்டு வைத்தியர்களும் இதனை அறிவார்கள். வேரின் தோலைச் சுரண்டிச் சிறிது சுண்ணாம்பு தடவினால் சிவந்து வரும். அதுவே இதன் அடையாளம்.

1658 இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியபோது இந்த வேரும் கம்பனியின் உடைமையானது. யானை, சங்கு, பனைமரம் ஆகியவற்றோடு சாயவேரும் இப்பகுதியிலிருந்து கம்பனிக்கு வருவாய் தந்த பொருள்களுள் ஒன்று. வேர் கிண்டுவது ஏழைகளின் ஊழியமாக்கப்பட்டது. குறித்த அளவு வேரை அவர்கள் ஒப்படைக்க வேண்டியிருந்தது. மெல்லிய வேரை மணலிலிருந்து முறியாமல் எடுப்பது எவ்வளவு வேலை என்பது ஒரு நாள் கிண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த வேரின் சிவப்பு சோழமண்டலத்துப் பூந்துணிகளில் ஏறி ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே அத்துணிகள் எவ்வளவு விரும்பப்பட்டன என்றால், தமது நெசவுத்தொழில் அழிந்துவிடும் என்று அஞ்சிப் பிரான்ஸ் 1686 இல் அவற்றைத் தடைசெய்தது. இங்கிலாந்தும் பின்னர் தடைபோட்டது. துவைக்கத் துவைக்கப் பொலியும் துணியை அவர்கள் அதற்குமுன் கண்டதில்லை.

இந்தத் தொழிலை முதன்முதல் ஒழுங்காக எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பியவர்களுள் ஒருவர் கேர்தூ அடிகளார் என்ற பிரெஞ்சு இயேசுசபைக் குரு. தமிழகக் கரையில் மறைப்பணி செய்த அவர், சாயத் தொழில் தெரிந்த கிறிஸ்தவர்களிடம் கேட்டறிந்து, 1742 இல் எழுதிய கடிதத்தில் கடுக்காய், எருமைப்பால், படிகாரம், சாயவேர் என்று படிப்படியாக விளக்கினார். அதனாலேயே அன்றைய முறை இன்று எமக்குத் தெரிகிறது. ஆயினும் ஏழைகளின் கைத்தொழில் இரகசியம் ஒரு குருவின் கடிதத்தில் கடல் கடந்து போனது என்பதை நினைக்கையில், இன்னொரு குருவாகிய எனக்குச் சற்று உறுத்தவே செய்கிறது.

நண்டின் பிடி

சாயவேரின் சிவப்புக்குக் காரணமான பொருளின் பெயர் அலிசரின். மஞ்சிட்டி இனத்து வேர்களிலும் அதுவே உள்ளது. அதன் ஒரு மூலக்கூற்றில் 14 காபன், 8 ஐதரசன், 4 ஒட்சிசன் அணுக்கள் உள்ளன. மூன்று வளையங்கள் ஒட்டியிருக்கும் உருவம்; ஒரு பக்கத்தில் இரண்டு ஒட்சிசன்கள் அருகருகே நீட்டிக்கொண்டிருக்கும். இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

சாயவேரைத் தனியே அவித்துப் பருத்தித் துணியை அதில் இட்டால் அழுக்கு மஞ்சள் அல்லது மங்கிய இளஞ்சிவப்பு மட்டுமே கிடைக்கும். அதுவும் கழுவினால் போய்விடும். ஏனெனில் அலிசரினுக்குப் பருத்தியைப் பிடித்துக்கொள்ளக் கை இல்லை. நடுவில் ஒருவர் வேண்டும். அந்த நடுவர்தான் படிகாரம். சீனக்காரம் என்றும் சொல்வார்கள்; சவரக்கடையிலே வெட்டுக்காயத்துக்குத் தடவும் அதே வெள்ளைக் கல். படிகாரத்திலுள்ள அலுமினியம் ஒரு பக்கத்தால் துணியின் நாரைப் பற்றிக்கொள்ளும். மறுபக்கத்தில் அலிசரினின் இரண்டு ஒட்சிசன்களும் அலுமினியத்தை இருபுறமும் கவ்விக்கொள்ளும். இவ்வகைப் பிணைப்புக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர், நண்டின் கவ்வுகாலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நண்டு கவ்வினால் அது விடுவது எவ்வளவு கடினம் என்று கரையோரத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. அப்படிக் கவ்விய பின்புதான் அந்த ஒளிரும் சிவப்பே தோன்றுகிறது. நிறம் வேரில் மாத்திரம் இல்லை. வேரும் உலோகமும் சேரும் சேர்க்கையில் இருக்கிறது.

நடுவரை மாற்றினால் நிறமும் மாறும். அலுமினியத்துக்குப் பதிலாக இரும்பைக் கொடுத்தால் அதே வேர் ஊதாவையும் கருமையையும் தரும். இரண்டையும் கலந்தால் கபிலம். தவக்காலத்து ஊதாவும் பெந்தகோஸ்தே நாளின் சிவப்பும் ஒரே வேரிலிருந்து எடுக்கக்கூடியவை. திருத்தூதர் பணிகள் நூலிலே, பவுல் அடிகளார் பிலிப்பியில் சந்தித்த லீதியா என்ற வணிகப் பெண் தியத்திரா நகரிலிருந்து வந்து செந்நிற ஆடை விற்றவர் என்று காண்கிறோம். அந்நகரின் சாயமும் மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து எடுத்ததாகவே இருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

இன்னொரு செய்தி யாழ்ப்பாணத்தாருக்குப் பிடிக்கும். அலிசரினின் நல்ல சிவப்புக்கு அலுமினியத்தோடு கல்சியமும் வேண்டும். எமது கிணறுகள் சுண்ணக்கல்லில் வெட்டியவை. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் உவர் அந்தக் கல்சியமே. தேநீருக்குக் குறையான தண்ணீர் சாயவேருக்கு நிறைவான தண்ணீர். மழைநீரிலோ குளத்து நீரிலோ தோய்ப்பவர்கள் முட்டைக்கோதைக் காயவைத்து அரைத்து, கிடாரத்துக்கு ஒரு மேசைக்கரண்டி போட்டுக்கொள்ளலாம்.

1868 இல் ஜேர்மனியரான கிறேபேயும் லீபர்மனும் அலிசரினை வேரில்லாமலே ஆய்வுகூடத்தில் உருவாக்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டே அது காப்புரிமை பெற்ற வியாபாரப் பொருளாயிற்று. சில ஆண்டுகளிலேயே பிரான்சின் மஞ்சிட்டித் தோட்டங்கள் அழிந்தன. எமது சாயவேரும் மறக்கப்பட்டது. இதில் ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆலையில் செய்த அலிசரினும் வேரில் விளைந்த அலிசரினும் ஒரே பொருள்தான். இயற்கையில் வந்தது என்பதால் அணுக்கள் வேறு புண்ணியம் பெற்றுவிடுவதில்லை. எமக்கு இதிலுள்ள நன்மை வேறு: காசு கொடுத்து வாங்காமல் காணியிலே எடுக்கலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று எமக்குத் தெரியும்.

பருத்தியில் ஏற்றும் முறை

ஒரு கிலோ பருத்தித் துணிக்கு அளவு சொல்கிறேன். குறைவாகச் செய்பவர்கள் அதே விகிதத்திற் குறைத்துக்கொள்ளவும். துணியைக் காய்ந்த நிலையில் நிறுக்கவேண்டும்.

முதலில் துணியைச் சலவைச் சோடா போட்டு ஒரு மணித்தியாலம் அவித்து, அதன் கஞ்சியையும் எண்ணெய்ப் பசையையும் போக்கவேண்டும். அழுக்கில்லாத புதுத் துணிதானே என்று இதைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் நிறம் திட்டுத் திட்டாக விழும். பின்பு 200 கிராம் கடுக்காய்த் தூளை வெந்நீரில் ஊறவைத்து வடித்து, அந்த நீரில் துணியை ஓரிரவு கிடக்கவிட்டு, பிழிந்து, அலசாமற் காயவிடவும். கடுக்காயிலுள்ள துவர்ப்புக்குத் தனின் என்று பெயர். பருத்தி தானாக அலுமினியத்தை நன்றாகப் பற்றாது. தனின் ஏறிய பருத்தி பற்றும். அக்காலத்தில் கடுக்காயோடு எருமைப்பாலும் சேர்த்தார்கள். அது பெரும்பாலும் தூரிகையாற் பூ எழுதும் துணிக்கு, கோடு கசிந்து பரவாமல் இருப்பதற்காக. முழுத் துணியையும் தோய்ப்பவர்கள் பாலைப் பிள்ளைகளுக்கே கொடுக்கலாம்.

அடுத்தது படிகாரம். 250 கிராம் படிகாரத்தை வெந்நீரிற் கரைக்கவும். வேறொரு பாத்திரத்தில் 60 கிராம் சலவைச் சோடாவைக் கரைத்துச் சிறிது சிறிதாக அதனுள் ஊற்றவும். நுரைத்துப் பொங்கும்; ஆதலால் பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். சோடா படிகாரத்தின் புளிப்பைக் குறைப்பதால் அலுமினியம் நாரில் இறங்க இலகுவாகிறது. துணி மூழ்கும் அளவு நீர் சேர்த்து ஓரிரவு ஊறவிட்டு, பிழிந்து நிழலிற் காயவைத்து, இரண்டு மூன்று நாள் அப்படியே வைத்திருந்து, பிறகு அலசவும். இந்தப் பொறுமைதான் பலருக்கு வருவதில்லை. உடனே தோய்த்தால் படிகாரம் துணியை விட்டுச் சாய நீருக்குள் இறங்கி, நிறமெல்லாம் கிடாரத்தின் அடியிற் சேறாகப் படிந்துவிடும்.

கடைசியாகச் சாயம். துணியின் எடைக்குச் சமமாகவாவது காய்ந்த சாயவேர் வேண்டும். இடித்து, முதல்நாள் இரவே ஊறப்போட்டு, மறுநாள் துணியை ஈரமாக அதிலிட்டு மெதுவாகச் சூடேற்றவும். ஒரு மணித்தியாலத்தில் கை தாங்காத சூடு வரட்டும். அதே சூட்டில் இன்னும் ஒன்றிரண்டு மணித்தியாலம் புரட்டிப் புரட்டிவிட்டு, அதிலேயே ஆறவிடவும். எடுத்த துணி செங்கல் நிறமாகத் தோன்றினால் மனம் தளரவேண்டாம். சவுக்கார நீரில் ஒரு கொதி விட்டால் பற்றாத தூளெல்லாம் போய், உண்மையான சிவப்பு வெளிவரும். மண்சட்டி, எனாமல், அல்லது எவர்சில்வர் பாத்திரம் நல்லது. இரும்புச் சட்டி நிறத்தைக் கறுக்கச் செய்துவிடும். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

வேறு எவை நிற்கும்?

சாயவேர் கிடையாத உள்ளூர்களில் மஞ்சவண்ணா உண்டு. அதுவும் சாயவேரின் குடும்பத்துத் தாவரமே. அதன் வேர்ப்பட்டையிலுள்ள மொரிண்டோன் என்ற பொருள் அலிசரினுக்குச் சகோதரம். படிகாரத்தோடு செம்மையும் கபிலமுமாக நிறம் தரும். ஆனால் வேரைக் கிண்டினால் மரம் சாகும். ஆகையால் சாயத்துக்காக மரம் அழிக்கவேண்டாம். காணி துப்புரவாக்கும்போது எப்படியும் பிடுங்கப்படும் மஞ்சவண்ணா வேர்களைப் பற்றையோடு சேர்த்து எரித்துவிடாமல், பட்டையை உரித்துக் காயவைத்து எடுத்துவைத்தால் போதும்.

மஞ்சள் நிறத்துக்குப் பலாமரத் தூள் சிறந்தது. மரக்காலையிலும் தச்சுப்பட்டறையிலும் கேட்டால் சும்மாவே தருவார்கள். மரத்தின் நடு வைரத்துத் தூளாக இருக்கவேண்டும். பௌத்த துறவிகளின் காவிக்குப் பரம்பரையாகப் பயன்பட்டது இதுவே. மொரின் என்பது அதன் சாயப்பொருள். அதற்கும் நண்டுக்கால் உண்டு. ஆகவே படிகாரத்தோடு நிற்கும்.

வெங்காயச் செய்கையாளருக்கு ஒரு சொல். சருகாக உதிரும் வெங்காயத் தோலைக் காற்றுக்குப் பறக்கவிடாதீர்கள். படிகாரம் ஏறிய துணிக்கு அது பொன்னிறமும், சிறிது இரும்பு சேர்த்தால் ஒலிவ் பச்சையும் கொடுக்கும். வெய்யிலுக்கு மஞ்சளைவிட நெடுங்காலம் தாங்கும். சாயவேரளவுக்குத் தாங்கும் என்று வாங்குபவரிடம் சொல்லவேண்டாம்.

அவுரியின் நீலத்துக்குப் படிகாரமே தேவையில்லை. அதன் வழி முற்றிலும் வேறு. இலையை நீரில் ஊறவைத்துப் புளிக்கவிட்டுக் கடைந்தால் நீலம் அடியிற் படியும். அந்த நீலம் தண்ணீரிற் கரையாது. காரம் சேர்த்த நீரில், காற்றுப் புகாமல் மறுபடியும் புளிக்கவிட்டால் பச்சை கலந்த மஞ்சளாகிக் கரையும். அதில் தோய்த்துக் காற்றில் தூக்கிப் பிடித்தால் ஒட்சிசன் பட்டு, நாருக்குள்ளேயே மீண்டும் நீலமாகி அடைபட்டுவிடும். பார்ப்பதற்கு அதிசயமாக இருக்கும். ஆனால் தண்ணீரும் இடமும் நிறைய வேண்டும், நாற்றமும் உண்டு. நெருங்கி வாழும் முகாமில் இதைத் தொடங்குவது அயலாரோடு சண்டைக்கே வழி.

கறுப்பு எளிது. துருப்பிடித்த ஆணி, தகரத் துண்டுகளைப் பனங்கட்டி கரைத்த நீரில் இரண்டு மூன்று கிழமை புளிக்கவிட்டு வடித்தால் இரும்பு நீர் கிடைக்கும். கடுக்காய் ஏறிய துணி அதிற் பட்டதும் கண்முன்னே கறுக்கும். கடுக்காய்க்குக் காசில்லாதவர்கள் ஆவரசம்பட்டை, பனிச்சங்காய், அல்லது தேநீர்க் கடையிற் கொட்டும் தேயிலைச் சக்கையைப் பாவிக்கலாம், எல்லாம் தனின்தான். நைலோன் வருமுன் மீனவர்கள் பனிச்சங்காய்ச் சாற்றில் வலை தோய்த்தது இதே துவர்ப்புக்காக. ஆனால் இரும்பு கூடினால் காலப்போக்கில் துணி இற்றுப்போகும். பழைய கடிதங்களில் எழுத்து இருந்த இடம் மட்டும் பொத்தலாகியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்த மையும் இரும்பும் துவர்ப்பும் சேர்ந்ததே. ஆகவே கறுப்பைக் கரைக்கும் பூவுக்கும் வைத்துக்கொண்டு, முழுத் துணிக்கும் ஏற்றாமலிருப்பது நல்லது.

ஓலை வேலை செய்வோருக்கு

பனஞ்சார்வோலை பருத்தியைப் போன்றதல்ல. மேலே மெழுகும் உள்ளே இலிக்னின் என்ற மரப்பொருளும் உண்டு. கடையில் விற்கும் ஓலைச் சாயத் தூள் பளிச்சென்று உடனே பற்றுவதற்கு அந்த இலிக்னினே உதவுகிறது. ஆனால் அவ்வகைத் தூள்களிற் பல வெய்யிலுக்கு விரைவில் வெளிறுபவை. அதோடு, பெயரும் விபரமும் இல்லாமற் பைக்கற்றில் விற்கும் தூளுக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள்களாகப் பிரியும் சில சாயங்களை ஜேர்மனி 1994 இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2002 இலும் தடைசெய்தன. வெளிநாட்டுக்கு அனுப்பும் வியாபாரி சாயத்தின் பெயரைக் கேட்பது இதனாலேயே. பைக்கற் சாயத்தைத் தொடர்ந்து பாவிப்பவர்கள் மூக்கையும் கையையும் மூடிக்கொண்டு, திறந்த வெளியில், சமையலுக்கு எடுக்காத பாத்திரத்திற் செய்யவேண்டும். தறப்பாள் கொட்டிலுக்குள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதை அவிக்கவே கூடாது.

செடிச் சாயத்துக்கு ஓலையைச் சலவைச் சோடா நீரிற் கால் மணித்தியாலம் அவித்து மெழுகைப் போக்கி, படிகார நீரில் ஓரிரவு ஊறவிட்டு, பின்பு சாயத்தில் ஒரு மணித்தியாலமாவது அவிக்கவும். பலா மரத்தூளும் மஞ்சவண்ணாவும் வெங்காயத் தோலும் இதற்கு ஏற்றவை. கடைச் சாயத்தின் பளிச்சிடும் பச்சையும் றோசாவும் இதில் வராது. மண்ணின் நிறங்களே வரும். அவற்றைக் கறுப்போடும் ஓலையின் இயற்கை வெள்ளையோடும் சேர்த்து இழைத்தால் பெட்டி அழகாகவே இருக்கும்.

செய்யக்கூடாதவை

செடி இயற்கையானது என்பதற்காக அதனோடு சேரும் எல்லாம் தீங்கற்றது என்று எண்ணவேண்டாம். மயில்துத்தமும் பைகுரோமேற்று என்ற செம்மஞ்சள் உப்பும் நிறத்தை நன்றாகப் பிடித்துவைக்கும் என்று சிலர் சொல்லித்தருகிறார்கள். நிறம் பிடிப்பது உண்மை. ஆனால் இரண்டும் நஞ்சு. பைகுரோமேற்று புற்றுநோயும் உண்டாக்கும். சுற்றிவர கிணறுகள் உள்ள இடத்தில் இவற்றை மண்ணில் ஊற்றினால், சுண்ணக்கல்லின் வெடிப்பு வழியே யாருடைய குடிநீருக்குப் போகும் என்று யார் சொல்வார்? படிகாரமும் கொஞ்ச இரும்பும் எமக்குப் போதும். அவற்றின் கழிவு நீரையும் கிணற்றடியில் ஊற்றாமல் தள்ளி ஊற்றுங்கள்.

இதைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. சாயவேர் வளர்வது மணல் வெளியிலே. மக்கள் நீண்டகாலம் போகாத இடத்தில் அது செழித்திருக்கும். மக்கள் போகாததற்குக் காரணமும் இருக்கலாம். போர் 2009 இல் முடிந்த பின்னரும் முகமாலை, நாகர்கோவில் போன்ற பழைய முன்னரங்குப் பகுதிகளில் கண்ணிவெடி அகற்றும் வேலை பல்லாண்டுகள் நீடித்தது. சிவப்புப் பலகை உள்ள இடத்திலும், துப்புரவாக்கிக் கையளிக்கப்பட்டது என்று கிராம சேவையாளர் உறுதி சொல்லாத இடத்திலும் ஒரு கரண்டி மண்ணைக்கூடக் கிளறவேண்டாம். பிள்ளைகளை வேர் பொறுக்க அனுப்பவே வேண்டாம்.

தொடங்குமுன்

தோட்டத்தை விட்டுவிட்டுச் சாயத்தில் இறங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. வெங்காயமும் மிளகாயும் நெல்லும் தரும் வருமானத்தைச் சாயம் தராது. ஐந்தாறு குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, ஒரே கிடாரம், ஒரே அடுப்பு என்று வைத்து, விறகு, படிகாரம், உழைத்த மணித்தியாலம் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக் கணக்குப் பார்த்த பின்பே விலை சொல்லவேண்டும். கூடுதல் விலை தருவேன் என்று வரும் வியாபாரியிடம் முதலில் பத்துப் பெட்டிக்குக் காசை வாங்குங்கள். நூறு பெட்டிக்கான பேச்சைப் பிறகு பேசலாம்.

எதையும் விற்குமுன் சோதியுங்கள். தோய்த்த துணியில் அல்லது ஓலையில் ஒரு துண்டை எடுத்து, பாதியைத் தடித்த மட்டையால் மூடிக் கட்டி, இரண்டு கிழமை வெய்யிலில் வைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். இன்னொரு துண்டை வெள்ளைத் துணியோடு சேர்த்துச் சவுக்காரம் போட்டுக் கசக்குங்கள். மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் வித்தியாசம் தெரியாமலும், வெள்ளைத் துணி வெள்ளையாகவும் இருந்தால் விற்கலாம்.

சாயவேரைத் தொடர்ந்து எடுக்க விரும்புவோர் வீட்டு வளவில் ஒரு மணற் பாத்தி போடுவது நல்லது. விதை தூள்போல நுண்ணியது. கையாற் பொறுக்க முடியாது. காய் முற்றும் காலத்தில் செடியைக் கடதாசியின்மேல் உதறி, விழுவதை மூன்று நாலு பங்கு மணலோடு கலந்து தூவி, கிடுகால் மூடி, முளைக்கும்வரை பூவாளியால் நனைக்கவும். முதல் ஆண்டில் வேர் மெலிந்திருக்கும். இரண்டாம் ஆண்டில், விதை உதிர்ந்த பின்பு கிண்டினால் வேரிற் சாயமும் கூடும், அடுத்த பயிரும் அந்தப் பாத்தியிலேயே முளைக்கும்.